வட ஆற்காட்டை ஒரே வட்டாரமாக வைத்திருந்தது எது?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, தகரப் பெட்டி ஒன்றில் என் பாட்டனார் 1931இல் எழுதி வாங்கிய கிரயப் பத்திரம் கிடைத்தது. ‘வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலுக்கா’ என்று அது தொடங்குகிறது. அரை ஏக்கர் சொச்சம் கழனி, அதற்குரிய ஏரிப் பாய்ச்சல், கிணற்றில் 4இல் 1 பாகம், முறை வைத்துக் கவலை (மாடு பூட்டி நீர் இறைக்கும் ஏற்பாடு) இறைத்துக்கொள்ளும் பாத்தியம், கிணற்றுமேட்டில் நிற்கும் புங்கமரங்கள் இரண்டில் பாதி என்று எழுத்தர் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார். நிலத்தின் அளவைச் சொல்ல ஒரு வரி போதுமானதாக இருந்தது; தண்ணீரைச் சொல்லத்தான் அவருக்கு ஆறு வரிகள் தேவைப்பட்டிருக்கின்றன.

அந்த ஜில்லா இன்று வரைபடத்தில் இல்லை. 1911 வரை அதன் தலைமையிடம் சித்தூராக இருந்தது. சித்தூர் தனி மாவட்டமானபின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. 1989 செப்டம்பரில் அது வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டாகப் பிரிந்தது. பின்னர் வேலூர் மாவட்டம் என்றே பெயர் பெற்ற வட பாதி, 2019 நவம்பரில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆயினும் எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இன்றும் ‘நாங்கள் வட ஆற்காட்டுக்காரர்கள்’ என்றே சொல்கிறார்கள். எந்த அரசாணையும் இல்லாமல் அந்தச் சொல் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதே என் கேள்வி.

என் விடை ஏரிதான். இந்த மண்ணில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் வருகிற பாலாறு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சி தரும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் நீர் நின்றது. ஆற்றுப் படுகையில் ஊற்றுக்கால்வாய் வெட்டி, அந்த நீரைக் கழனிக்குத் திருப்பினார்கள். ஆறு பெருகும் சில நாள்களில் வரும் வெள்ளத்தை ஏரிகளில் பிடித்து வைத்தார்கள். மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டே, ‘மகேந்திர தடாகம்’ என்னும் ஏரியின் கரையில் அது அமைந்ததாகச் சொல்கிறது. காவேரிப்பாக்கத்தின் பழைய பெயர் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம். அவனிநாராயணன் என்பது ஏரி வெட்டிய மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். 1850களில் வாலாஜாவுக்கு அருகே கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) கட்டிய பாலாற்று அணைக்கட்டுகூட, பல்லவர் காலத்து இந்த ஏரிகளுக்கு நீர் கொண்டுபோகத்தான் கட்டப்பட்டது.

ஓர் ஏரியின் கலங்கல் (மிகைநீர் வழியும் இடம்) வழிந்தால் அடுத்த ஏரி நிரம்பும். ஆகையால் மேல்மடை ஊரோடு கீழ்மடை ஊருக்குச் சண்டையும் உண்டு, சம்பந்தமும் உண்டு. எங்களை ஒரு வட்டாரமாகக் கட்டியது இந்த நீர்த்தொடர்ச்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுத வேண்டும்.


கோட்டைவாசல் எழுதியது:

ஐயா, ஏரிகள் தொண்டை மண்டலம் முழுவதற்கும் பொதுவானவை. செங்கற்பட்டிலும் ஏரிதான், உத்திரமேரூரிலும் ஏரிதான். அப்படியிருக்க வட ஆற்காட்டை மட்டும் அது எப்படித் தனியாகப் பிரித்துக் காட்டும்?

படுவூர்க் கோட்டம் என்றும், படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயர் நாடு என்றும் வழங்கிய பகுதிக்கு ‘ஆற்காடு’ என்ற பெயர் நவாபுகளின் தலைநகரால் வந்தது. 1801இல் கர்நாடக நவாபின் நாடு கும்பினி ஆட்சிக்குள் போனபின், ஆற்காடு வடக்கும் தெற்குமாகப் பிரிந்தது. நம் அடையாளத்தை உருவாக்கியது பாதை என்பது என் கருத்து. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் படைகளுக்கும் வணிகர்களுக்கும் பாலாற்றுப் பள்ளத்தாக்கே வழி. 1749இல் ஆம்பூரிலும், 1751இல் ஆற்காட்டிலும் ஆரணியிலும், 1760இல் வந்தவாசியிலும் நடந்த போர்கள் யாவும் இந்த வட்டாரத்தில் நடந்தவை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதும் இதே காரணத்தால்தான். இன்றைய சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையும் அந்தத் தடத்திலேயே கிடக்கிறது. வேலூருக்கு அருகே வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பதால் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கப்படும் கம்மவான்பேட்டையை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.


பேரணாம்பட்டு எழுதியது:

பெரியவர்கள் இருவருக்கும் வணக்கம். ஏரியையும் பாதையையும் சொன்னீர்கள், தோலை விட்டுவிட்டீர்கள். என் தாத்தாவும் தந்தையும் தோல் பதனிடும் தொழிலாளர்கள். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் நின்று முகர்ந்தாலே எந்தத் தொட்டி திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

இத்தொழிலை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தொழில் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது கிராமத்தின் தொழிலாகவே வளர்ந்தது. சுற்றுவட்டாரச் சந்தைகளிலிருந்து வந்த தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, முடியும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்து, கடுக்காய்த் தண்ணீரில் முடித்து, புங்க எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். பட்டை உரித்து வந்தவர்கள் மானாவாரிக் கொல்லிகளில் (புன்செய் நிலங்களில்) வேலையில்லாத மாதங்களில் வந்த பெண்கள். கடுக்காய் மலையிலிருந்து வந்தது. புங்கங்கொட்டை கிணற்றுமேட்டிலிருந்து வந்தது. ஐயாவின் பத்திரத்தில் புங்கமரத்துக்குப் பங்கு பிரித்திருப்பது வீணாக இல்லை. முதலீடும் கடல்கடந்த வணிகமும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்களுடையவை. தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். உருதும் தமிழும் தெலுங்கும் ஒரே தொட்டிக்கரையில் பேசப்பட்டன. வட ஆற்காட்டின் முகம் அதுதான் என்று நான் சொல்வேன்.

1970களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை ஒன்றிய அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக முடித்த தோலும் காலணியும் ஏற்றுமதியாக வேண்டும் என்பது நோக்கம். அதன்பின் குரோமியத்தில் பதனிடும் முறை பெருகியது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. கழிவு நீர் கானாறுகளிலும் ஏரிகளிலும் பாலாற்றிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. அதைச் சராசரியாக்கினால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாயைக்கூட எட்டாது.

எங்கள் தாய்மாமன் வீட்டுக் கிணற்றைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தண்ணீரைச் செம்பில் எடுத்து வைத்தால் காலையில் செம்பின் உள்விளிம்பில் வெள்ளையாக வளையம் படிந்திருக்கும். அத்தை அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். தென்னை முதலில் குரும்பை உதிர்த்தது, பிறகு மட்டை தொங்கியது, பிறகு மொட்டையாக நின்றது. கிணற்றின் அந்தத் தண்ணீர் யாருடைய சம்பளத்துக்கு விலையானது என்று கேட்டால், எங்கள் அப்பாவின் சம்பளத்துக்கும்தான் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் தொழிலை மூடு என்றும் என்னால் சொல்ல முடிவதில்லை, அப்படியே விடு என்றும் சொல்ல முடிவதில்லை.


ஜவ்வாது அடிவாரம் எழுதியது:

கடுக்காய் ‘மலையிலிருந்து வந்தது’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். மலையில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் சாமையும் பலாவும் தேனும் கடுக்காயும் கொண்டு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் இறக்கும் சரக்குக்குச் சமவெளியின் சந்தைதான் எப்போதும் விலை வைத்தது. சேயாறு (செய்யாறு) பிறப்பதும் இங்கேதான். சங்க நூலான மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். அவனுடைய நவிரமலை இன்றைய பர்வதமலை. செங்கம் வட்டாரம் முழுவதும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவர்களின் பெயர் அவற்றில் உண்டு. நவாபுக்கும் பல்லவனுக்கும் முந்திய வட ஆற்காடு மாடு மேய்த்த மலையடிவாரம்தான்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசல வனத்தில் ஆந்திரக் காவல் படையால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் எங்கள் மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். பொருளாதாரம் என்று பேசும்போது, கூலிக்குச் செம்மரம் வெட்டப் போனவன் ஏன் போனான் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.


சேயாறு எழுதியது:

அண்ணன்மார் அனைவரும் ஆண்டவர்களையும் தொழில்களையும் சொல்கிறீர்கள். நான் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். வேறு மாவட்டத்தில் மணமாகிப் போன எனக்கு முதல் ஆண்டில் நேர்ந்த சங்கடம் எல்லாம் சொற்களால் வந்தது. நன்செய் எங்களுக்குக் கழனி. புன்செய் எங்களுக்குக் கொல்லி. மாமியாருக்கு இரண்டும் ‘வயல்’. வேர்க்கடலையை நான் மல்லாட்டை என்றதும் வீடே திரும்பிப் பார்த்தது. மணிலாக்கொட்டை என்பதன் மருவுதான் அது. வெளியிலிருந்து வந்த ஒரு பயிர், மானாவாரிக் கொல்லியின் காசுப் பயிராகி, தான் வந்த ஊரின் பெயரை எங்கள் நாக்கில் விட்டுவிட்டது. ஆடியில் விதைத்து, கார்த்திகையில் கொடி பிடுங்கி, தெருவெல்லாம் உட்கார்ந்து காய் ஆய்ந்து, அளவுக்குக் கூலியாக மல்லாட்டையே வாங்கிவந்த பெண்களின் கணக்கில்தான் என் பள்ளிக் கட்டணம் இருந்தது.

இன்னொன்று கூத்து. கோடையில் கழனி காய்ந்து கிடக்கும்போது திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேற்றி, பகலில் பாரதம் படித்து, இரவில் கூத்து ஆடுவார்கள். செய்யாற்றை ஒட்டிய புரிசை, கண்ணப்பத் தம்பிரான் மரபினால் உலகம் அறிந்த ஊர். ஆனால் உலகம் அறியாத நூறு ஊர்களிலும் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். களிமண்ணைக் குழைத்துத் தரையில் ஆள் உயரத்துக்குப் பல மடங்காக அவனைப் படுக்க வைத்திருப்பார்கள். வீமன் தொடையில் அடித்ததும், திரௌபதி வேடம் கட்டியவர் கூந்தலை முடிப்பார். அப்போது கூட்டத்தில் இருக்கும் கிழவிகள் தங்கள் வீட்டு வழக்கு தீர்ந்ததுபோல் அழுவார்கள். பின்பு அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வோம். எங்கள் வீட்டில் அதை நெல் குதிரில் போடுவது வழக்கம். அந்தக் களிமண் ஏரியிலிருந்து வந்தது; ஐயாவின் கருத்துக்கு இது சான்றாகலாம்.

இப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் விடியற்காலை நிறுவனப் பேருந்தில் ஏறிச் செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கப் போகிறார்கள். மாதச் சம்பளம் கையில் வருவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் நேரில் பார்க்கிறேன். அதே சிப்காட்டின் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து மேல்மாப் பகுதி விவசாயிகள் 2023இல் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்து பின்னர் விலக்கப்பட்டது. பேருந்தில் போகும் மகளும் பந்தலில் உட்கார்ந்த தந்தையும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். இருவரில் ஒருவரைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.


கோலார் பேரன் எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து இருமுறை படித்தேன். பாலாற்றங்கரை ஐயா ஏரி எங்களைக் கட்டியது என்கிறார். அந்த ‘எங்களை’ என்ற சொல்லில் நான் இருக்கிறேனா என்று மரியாதையுடன் கேட்க விரும்புகிறேன்.

என் பூட்டனார் குடியாத்தம் பக்கத்தில் ஏரி நீர்க்கட்டியாக இருந்தார் என்பது குடும்பச் செய்தி. மதகைத் திறந்து மூடுவதும், இரவில் லாந்தருடன் கால்வாயில் நடந்து கடைமடை வரை நீரைச் சேர்ப்பதும், வெள்ளக்காலத்தில் கரையைக் காவல் காப்பதும் அவர் வேலை. அறுவடையில் களத்துமேட்டில் நின்று நெல் வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு கழனிக்கும் எத்தனை நாழிகை நீர் என்பது அவருக்குத் தெரியும்; ஏரி நீர் பாயும் அந்த ஆயக்கட்டில் அவருக்கென ஒரு பாத்திகூட இல்லை என்றே கேட்டு வளர்ந்தோம். ஊர் ஏரியில் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் துறையும் சேரிக்குத் தனி.

அவருடைய மகன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனார். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் அப்படிப் போன குடும்பங்கள்தாம் அந்த ஊரையே நிரப்பின. அதற்கு முன்பு 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் கப்பல் ஏறினவர்களும் உண்டு. பிஜிக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பதிவுகளில் வட ஆற்காட்டின் பெயர் திரும்பத் திரும்ப வரும். ஏரிகள் நிறைந்த மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் ஏன் வெளியேறினார்கள்? நீர் இருந்தது, பங்கு இல்லை என்பதே என் விடை. பூமிக்கடியில் பல ஆயிரம் அடி இறங்கி வேலை செய்த தாத்தா, ‘அங்கே மேலே இருந்ததைவிட இங்கே கீழே மூச்சு விடலாம்’ என்பாராம். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபின் என் தந்தை ஆம்பூருக்கு வந்து காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

சேயாறு அக்காவுக்கு ஒரு செய்தி. கோலாரில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் எங்கள் பாட்டி மல்லாட்டை என்றேதான் சொன்னார்.


பாலாற்றங்கரை எழுதியது:

தம்பி, தங்கள் கேள்வி நியாயமானது. பத்திரத்தில் ஆறு வரி தண்ணீரைக் கண்டு மகிழ்ந்த நான், அந்தத் தண்ணீரை நடத்திக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஏரி எப்படிக் கைவிடப்பட்டது என்பதை இதனோடு சேர்த்து எழுத வேண்டும். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் நம் செய்யாற்றுப் பக்கத்துத் தூசியும் ஒன்று. மாமண்டூர்ப் பெரிய ஏரியின் நீரால் வாழும் ஊர். 1970களில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியை ஆராய வட ஆற்காட்டின் 11 ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிய நெல் விதைக்கு வேளை தவறாத நீர் தேவை. அதைத் தரக்கூடியது மின்மோட்டார் பொருத்திய சொந்தக் கிணறு. கிணறு வைத்திருந்தவர்கள் ஏரியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கலங்கல் உடைந்தால் அவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை, வரத்துக்கால்வாய் தூர்ந்தால் மண்வெட்டி எடுக்கவில்லை, நீர்க்கட்டிக்கு நெல் அளக்கவும் இல்லை. ஏரியோ கிணற்றுக்கு ஊற்றுக்கண். அது நிரம்பாமல் போகவே கிணறுகள் வற்றின. கிணற்றுக்குள் துளையிட்டார்கள், பிறகு ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கடன் வாங்க முடியாதவர்தான் முதலில் நிலத்தை விற்றார். என் சகோதரர் குடும்பமே அப்படி விற்றது. மேலே ஆற்றில் மணல் அள்ளியதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நீரைப் பிடித்து வைத்திருந்ததே அந்த மணல்தான்.


பேரணாம்பட்டு எழுதியது:

ஐயா, 2021 நவம்பரை மறந்துவிடாதீர்கள். கரையிரண்டும் தொட்டுப் பாலாறு ஓடியதை என் பிள்ளைகள் முதன்முறையாகப் பார்த்தார்கள். 1903 நவம்பரில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வாணியம்பாடியை அடித்துச் சென்ற வெள்ளத்தின் நினைவுத்தூண் அருகே அன்று ஊரே கூடி நின்றது. சில மாதம் எங்கள் மாமன் கிணற்றிலும் நீர் ஏறியது. அத்தை ஒரு செம்பு எடுத்து இரவெல்லாம் வைத்திருந்து காலையில் பார்த்தார். வளையம் மெல்லியதாக இருந்தது, இல்லாமல் போய்விடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறது. முதல் தீர்ப்பு வந்தபோது நான் பள்ளி மாணவன்.


பாலாற்றங்கரை எழுதியது:

கோலார் பேரனின் பதிவைப் படித்தபின் நேற்றிரவு பத்திரத்தை மறுபடி எடுத்தேன். முதல் பக்கத்தை மட்டுமே கருத்தாகப் படித்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் நான்கெல்லை இருக்கிறது. ‘ஏரிக்கரைக்குத் தெற்கு, பெரிய மதகுக் கால்வாய்க்கு மேற்கு, வண்டிப்பாட்டைக்கு வடக்கு, நீர்க்கட்டி மானியத்துக்குக் கிழக்கு.’

ஆகவே எங்கள் ஊரில் 1931இல் நீர்க்கட்டிக்கு அவர் வேலைக்காக விடப்பட்ட மானிய நிலம் இருந்திருக்கிறது. அதுவும் எங்கள் கழனியை ஒட்டியே. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் மேற்கு வரப்புக்கு அப்பால் உள்ளது வேறொரு பட்டாதாரரின் நிலம். அந்த மானியம் எப்போது, எப்படிக் கைமாறியது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று பழைய நில ஆவணமான ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணைப் பார்க்கக் கேட்கப் போகிறேன்.


கோலார் பேரன் எழுதியது:

ஐயா, மூன்றாம் பக்கத்தைப் படமெடுத்து இங்கே இட முடியுமா? தங்கள் பெயரும் சர்வே எண்ணும் மறைந்திருக்கட்டும். அந்த ஒரு வரி போதும். அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பதிவேட்டிலும் அப்படி ஒரு வரி இருக்குமா என்று பார்க்கக் குடியாத்தத்துக்கு நானும் போகிறேன்.